டேங்க் வேற, லேக் வேற

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கிளையண்ட்டோட கான் கால். ஆணி எல்லாம் பிடுங்கி முடிச்ச பிறகு வழக்கம் போல "வாரக் கடைசிக்கு என்ன பிளான்?" என்று அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு அம்மணி கேட்டாங்க. நான் பாட்டுக்கு இங்கிலீஷ்ல, "எங்க ஊர் டேங்க் ரொம்ப வருஷம் கழிச்சு நிரம்பி வழியுதாம், பார்க்கப் போறேன்"னு சொல்லிட்டேன். பத்து செகண்டுக்கு சத்தமே இல்லை. அப்புறம் ரொம்ப அக்கறையா ஒரு கேள்வி: "பிளம்பரைக் கூப்பிட்டாச்சா?"

மியூட்ல போட்டுட்டு நம்ம பசங்க உருண்டு புரண்டு சிரிச்சாங்க. நான் விளக்கம் சொல்ல ஆரம்பிச்சேன். சொல்லச் சொல்ல மோசமாத்தான் போச்சு. "பெரிய டேங்க், கரை மேல பஸ்ஸே போகலாம், உள்ள மீன் இருக்கும்" என்றால் அவங்க மனசுக்குள்ள என்ன படம் ஓடியிருக்குமோ! கடைசியில் காப்பாத்தினவர் அந்த டீமில் இருந்த ஒரு டெக்ஸாஸ்காரர். "புரியுது. எங்க தாத்தா பண்ணையிலயும் ஒரு டேங்க் உண்டு. மாடு தண்ணி குடிக்க மண்ணைத் தோண்டி வச்சிருந்தார்" என்றார். டெக்ஸாஸ் பக்கம் மாட்டுப் பண்ணைக் குட்டைக்கு டேங்க் என்றுதான் பேராம். மத்த அமெரிக்கர்களுக்கு டேங்க் என்றால் ஒன்று மொட்டை மாடித் தொட்டி, இல்லாட்டி குண்டு போடுற வண்டி.

"லேக்"னு சொல்லித் தொலைச்சிருந்தா பிரச்சினையே இல்லை. ஆனா வாயில வரலை. எங்க வீட்டுப் பழைய நிலப் பத்திரத்துல, சர்வே மேப்புல எல்லாம் எங்க ஊர் ஏரிக்கு டேங்க் என்றுதான் பேர். பள்ளிக்கூட பூகோளப் புத்தகத்துல "சுப்பீரியர் ஏரி"ன்னு ஒண்ணு வரும், அதுக்கு இங்கிலீஷ்ல லேக். அதுவும் ஏரி, இதுவும் ஏரி. அப்ப ஒண்ணு லேக், ஒண்ணு டேங்க் ஆனது எப்படி? ஊருக்குப் போற பஸ்ஸுல பெங்களூர்ல இருந்து சேலம் வர்ற வரைக்கும் இதே யோசனைதான். அதுக்கப்புறம் கொஞ்சம் தேடிப் படிச்சேன். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

முதல்ல வார்த்தைகளோட பூர்வீகம். லேக் சுலபம். லத்தீன்ல லாகுஸ், அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போனது. டேங்க்தான் சுவாரசியமான ஆசாமி. ஹாப்சன்-ஜாப்சன் என்று 1886ல் வந்த ஒரு அகராதி இருக்கு, வெள்ளைக்காரங்க இந்தியாவுல பேசின இங்கிலீஷுக்கான அகராதி. எழுதினவங்க யூல், பர்னெல் என்று இரண்டு பேர். பர்னெல் தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர். அதுல டேங்க்குக்கு இரண்டு பூர்வீகம் சொல்றாங்க. ஒண்ணு குஜராத்தி, மராத்தி. நிலத்தடியில் தண்ணீர் சேர்த்து வைக்கிற தொட்டிக்கு அங்கே டாங்க்கா, டாங்கே என்கிற மாதிரி ஒரு பேர் உண்டு. இன்னொண்ணு போர்ச்சுகீசிய டாங்க்வே. அதோட மூலம் லத்தீன் ஸ்டாக்னும், அதாவது நிற்கிற தண்ணி. இங்கிலீஷ்ல 'ஸ்டாக்னன்ட்' என்கிறோமே, அதுக்கும் அதே தாத்தாதான். புதுச்சேரி பக்கம் பிரெஞ்சுக்காரங்க ஏரியை எதான் என்று சொன்னதும் அதே குடும்பம். இரண்டு நீரோடையும் எங்கேயோ கலந்து டேங்க் ஆயிடுச்சு. எதுல எவ்வளவு தண்ணி வந்ததுன்னு பிரிக்க முடியாது.

ஆக, டேங்க் என்ற சொல் இங்கிலீஷுக்குப் போனதுல நம்ம ஊர்த் தண்ணிக்கும் பங்கு இருக்கு. தொட்டி என்ற அர்த்தமெல்லாம் அதுக்கப்புறம் கெட்டிப்பட்டது. குண்டு போடுற டேங்க் இன்னும் வேடிக்கை. 1915ல் இங்கிலாந்துல லிங்கன் நகரத்துத் தொழிற்சாலையில் ரகசியமாச் செஞ்சாங்க. வேலைக்காரங்ககிட்ட, இது பாலைவனத்துப் பட்டாளத்துக்குத் தண்ணி கொண்டு போற வண்டின்னு சொல்லி வச்சாங்களாம். அந்தப் பொய்ப் பேருதான் டேங்க். 1916 செப்டம்பர் 15ல் பிரான்ஸ்ல சண்டையில் இறங்கினப்ப ரகசியம் போயிடுச்சு, பேர் ஒட்டிக்கிச்சு. நம்ம ஆவடியில் 1965ல் இருந்து செய்யறதும் அந்த டேங்க்தான். எங்க நாமக்கல் பக்கம் மட்டும் கதை வேற. இங்கே யாராவது டேங்க் என்றால் கேஸ் டேங்கர் லாரியாத்தான் இருக்கும் :-)

சரி, வெள்ளைக்காரன் எதை டேங்க் என்றான்? கிட்டத்தட்ட எல்லாத்தையும். வட தமிழ்நாட்டு ஏரி, மதுரை, ராமநாதபுரம் கண்மாய், திருநெல்வேலிக் குளம், ஊருணி, தாங்கல், ஏந்தல், கோயில் தெப்பக்குளம், அத்தனையும் டேங்க். பாசனத்துக்கு ஒண்ணு, குடிக்க ஒண்ணு, சாமி தெப்பம் விட ஒண்ணுன்னு நாம பேர் பிரிச்சு வச்சிருந்தோம். ஒரே வார்த்தையில் எல்லாத்தையும் கொட்டிட்டான். ஆனா பாகங்களுக்கு அவன்கிட்ட வார்த்தை இல்லை. அதனால நம்மகிட்டயே கடன் வாங்கினான். ஏரித் தண்ணி பாயிற நிலப்பரப்பு ஆயக்கட்டு, அது இங்கிலீஷ்லயும் ஆயக்கட்டுதான். மிச்சத் தண்ணி வழியிற கலிங்கல், சென்னை மாகாண பொதுப்பணித்துறை இங்கிலீஷ்ல "கலிங்குலா" ஆச்சு. எங்க பக்கம் கலிங்கல் என்று சொல்ல மாட்டோம். ஏரி ரொம்பி கோடி போகுது என்போம்.

இப்ப முக்கியமான கேள்விக்கு வர்றேன். இயற்கையா உண்டானது லேக், மனுசன் கட்டினது டேங்க், இதுதானே வித்தியாசம்? நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். சரிபார்த்தா ஒத்து வரலை. ஊட்டி லேக்கை எடுத்துக்குங்க. 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் கரை போட்டுத் தண்ணி மறிச்சது. கொடைக்கானல் லேக், 1863ல் மதுரைக் கலெக்டரா இருந்த லெவிஞ்ச் கரை கட்டி உண்டாக்கினது. இரண்டும் மனுசன் கட்டினதுதான், இரண்டும் லேக். அமெரிக்காவுலயும் ஹூவர் அணைக்குப் பின்னாடி நிக்கிற தண்ணிக்கு லேக் மீட் என்று பேர். நம்ம மேட்டூர்ல 1934ல் கட்டி முடிச்ச அணைக்குப் பின்னாடி நிக்கிறது மட்டும் ஸ்டான்லி ரிசர்வாயர்.

ஈழத்து நண்பர்களுக்கும் இது புதுசு இல்லை. மன்னார்ல கட்டுக்கரைக்குளம் இங்கிலீஷ்ல 'ஜயன்ட்ஸ் டேங்க்'. கண்டியில் கடைசி ராஜா 1807ல் வயல்வெளியில் கரை போட்டு உண்டாக்கினது 'கண்டி லேக்'. கட்டினதா, இல்லையா என்பது அளவுகோலே இல்லை. கரையில் நின்னு பார்த்து ரசிக்கிற தண்ணி லேக், மதகைத் திறந்து வயலுக்கு விடுற தண்ணி டேங்க். படகு விட்டா லேக், நாத்து விட்டா டேங்க். என்னோட தியரி இது. ஓட்டை இருந்தா அடிச்சு ஆடலாம்.

இதுல நம்ம ஆளுங்க எந்தப் பக்கம் என்று யோசிச்சா இன்னொண்ணு கண்ணுல பட்டது. என் ஊர் பேரையே பாருங்க. மல்லசமுத்திரம். கடல் எங்க ஊர்ல இருந்து கிட்டத்தட்ட 200 கி.மீ. சின்ன வயசுல "சமுத்திரம் எங்கடா இருக்கு உங்க ஊர்ல?"ன்னு சேலத்துப் பசங்க ஓட்டுவானுங்க, அப்ப பதில் தெரியாது. பெரிய ஏரி வெட்டினா அதைச் சமுத்திரம்னு கூப்பிடுறது ராஜாக்களோட பழக்கம். அம்பாசமுத்திரம், கோபாலசமுத்திரம், அனந்தபூர் பக்கத்துல புக்கராயசமுத்திரம், பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டு பராக்கிரம சமுத்திரம், எல்லாம் அந்த வகைதான். ஐதராபாத் உசேன் சாகர்ல வர்ற சாகரும் கடல்தான். (அதன் கரைக்கு டேங்க் பண்ட் என்று பேர், தண்ணிக்கு லேக் என்று பேர். ஒரே இடத்துல இரண்டும்!) வெள்ளைக்காரன் தொட்டி என்றான், நம்ம ஆளு கடல் என்றான். விளம்பரத்துல நாம எப்பவும் ஒரு படி மேலேதான்.

ஆனா பேர் மட்டும் பெருசா வச்சுட்டு விட்டுடலை. கடப்பை மாவட்டத்துல போருமாமில்லா என்ற ஊர்ல 1369ஆம் வருஷக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. விஜயநகர இளவரசன் பாஸ்கரன் ஏரி கட்டி, அனந்தராஜ சாகரம்னு பேரும் வச்சு, சமஸ்கிருதத்துல எழுதி வச்சது. படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்காத குறைதான். அது ஒரு முழு ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட்டுங்க! நல்ல ஏரிக்கு வேண்டியது 12 அம்சம், இருக்கக் கூடாதது 6 தோஷம்னு வரிசை போட்டிருக்கான். கரையில் நீர் கசியக் கூடாது. உவர் மண் ஆகாது. இரண்டு ராஜ்யத்து எல்லையில் அமையக் கூடாது (காவிரிப் பிரச்சினை பார்த்தவங்களுக்கு விளக்க வேண்டியதில்லை). நடுவுல ஆமை முதுகு மாதிரி மேடு இருக்கக் கூடாது. தண்ணி கொஞ்சமா வந்து நிலம் அதிகமா இருந்தாலும் தோஷம், தண்ணி அதிகமா இருந்து நிலம் கொஞ்சமா இருந்தாலும் தோஷம். கடைசி இரண்டைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன். அதாவது அவன் கணக்குல ஏரி என்றால் தண்ணி மட்டும் இல்லை. தண்ணியும் நிலமும் சேர்ந்த ஜோடி. ஆயக்கட்டு இல்லாத ஏரி குறைப்பட்ட ஏரி. தினம் ஆயிரம் ஆளு, நூறு வண்டி, இரண்டு வருஷ வேலைன்னு ப்ராஜக்ட் பிளானும் அதுலயே இருக்கு.

கட்டினதோட முடியலை, மெயின்டனன்ஸும் உண்டு. உத்திரமேரூர்ல பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலைத் தேர்தலுக்காகப் பிரபலம். அந்தத் தேர்தல் எதுக்கு என்று பார்த்தா, தேர்ந்தெடுக்கிற வாரியங்கள்ல ஒண்ணு ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கறதுக்குன்னே கமிட்டி. பின்னாடி வந்த குடிமராமத்தும் அதே வேலைதான். வெள்ளைக்காரன் 1858ல் அதைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டான். வராதவன்கிட்ட பணம் வசூல் பண்ணலாம் என்றான். ஆனா அதுக்குள்ள ஏரியோட உரிமையும் வரியும் சர்க்கார்கிட்டப் போயிடுச்சு, வேலை மட்டும் ஊருக்கு. எவன் வருவான்? இன்னிக்குத் தமிழ்நாட்டுல சுமார் 39,000 ஏரி, குளம்னு கணக்கு. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை (2021 வரைக்கும் பொதுப்பணித்துறைக்குள்ள இருந்தது), கம்மியா இருந்தா பஞ்சாயத்து யூனியன்.

இப்ப ஊருக்கு வந்த கதை. சனிக்கிழமை காலையில் அம்மாயியைக் கூட்டிட்டு ஏரிக்கரைக்குப் போனேன். நெசமாவே கோடி போகுது. பாதி ஊர் அங்கதான் நிக்குது. ஒருத்தன் பழைய கொசுவலையில் மீன் பிடிக்கிறான், சின்னப் பசங்க வழியிற தண்ணியில் உருளுதுங்க. அம்மாயி தண்ணியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "இன்னி ரெண்டு வருசத்துக்குக் கெணத்துல தண்ணிக்குக் கொறைவு இல்ல கண்ணு" என்றது. எங்களுக்கு முதல் மதகுக்குக் கீழ அறுபது சென்ட் நஞ்சை. பத்திரத்துல ஏரிப் பாசனம். ஆனா எனக்கு விவரம் தெரிஞ்சு ஏரித் தண்ணி வாய்க்கால்ல வந்து பாய்ஞ்சது ரொம்ப அபூர்வம். கிணறு, அப்புறம் போர். பக்கத்துல திருச்செங்கோடு என்றாலே போர் போடுற ரிக் வண்டிதான், இந்தியா பூரா போய்த் துளை போடுறாங்க. சொந்த ஊர்ல விடுவாங்களா? கிணத்துக்கும் போருக்கும் தண்ணி கொடுக்கிறது அந்த ஏரிதான் என்பது மட்டும் எல்லாருக்கும் மறந்து போச்சு. மறுபடி கோடி போனாத்தான் ஞாபகம் வருது.

அன்னிக்கு மத்தியானம் மாமன் ஒரு புரோக்கரைக் கூட்டிட்டு வந்தார். அறுபது சென்ட்டையும் மனையாப் போடலாமாம். அந்த ஆளு பேசினதை அப்படியே சொல்றேன்: "தம்பி, இதைப் போயி டேங்க்னு எல்லாம் சொல்லாதீங்க. 'லேக் வியூ'ன்னு போட்டா வெலை சாஸ்தி." எனக்கு ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டது. வாரம் பூரா நான் மண்டையைப் பிச்சுக்கிட்ட விஷயம் அந்தாளுக்கு ஒரே வரியில் தெரிஞ்சிருக்கு!

"அம்மாயி இருக்கற வரைக்கும் விக்கறதில்ல மாமா"ன்னு சொல்லித் தட்டிக் கழிச்சேன். ஆனா யோசிச்சுப் பார்த்தேன். நாளைக்கு அங்கே இருபது வீடு வருதுன்னு வைங்க. அவங்களுக்கு வேண்டியது வருஷம் பூரா ததும்பி நிக்கிற தண்ணி. கீழே மிச்சம் இருக்கிற விவசாயிக்கு வேண்டியது மதகைத் திறந்து காலி பண்ற தண்ணி. டேங்க் என்பதோட வேலையே காலியாகிறதுதான். ஐப்பசி, கார்த்திகையில் ரொம்பணும், பங்குனிக்குள்ள பாஞ்சு முடியணும், சித்திரை, வைகாசியில் வறண்டு கிடக்கணும், வண்டல் எடுத்து வயலுக்கு அடிக்கணும், ஆடு மாடு மேயணும். லேக் வறண்டா அது செய்தி. டேங்க் வறண்டா அது மே மாசம்.

இந்த வித்தியாசம் புரியாம ஊர் ஊரா ஏரியைத் தொலைச்சிருக்கோம். வறண்டு கிடக்கிறதைப் பார்த்து, சும்மா கிடக்கிற நிலம்னு முடிவு கட்டறது. சென்னையில் நுங்கம்பாக்கத்துல இருந்து சைதாப்பேட்டை பக்கம் வரைக்கும் நீண்டு கிடந்த ஏரிக்கு இங்கிலீஷ்ல 'லாங் டேங்க்'. அதைத் தூர்த்துதான் 1920களில் தி.நகரே வந்தது. இப்ப அந்த ஏரியோட மிச்சம் என்ன தெரியுமா? நுங்கம்பாக்கத்துல டேங்க் பண்ட் ரோடு, மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு. ஒரே ஏரிக்கு இரண்டு பேரும் கிடைச்சது, ஏரிதான் கிடைக்கலை. நான் வேலை பார்க்கிற பெங்களூர்ல மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் இருக்கிற இடம் தர்மாம்புதி ஏரி. அம்புதி என்றாலும் கடல்தான்! கண்டீரவா ஸ்டேடியம் இருக்கிறது சம்பங்கி ஏரி. தப்பிச்சு நிக்கிற பெல்லந்தூர் 'லேக்'ல சாக்கடை விட்டு 2015ல் நுரையே தீப்பிடிச்சு எரிஞ்சது. லேக்னு பேர் வச்சா மட்டும் மரியாதை வந்துடும்னு சொல்ல முடியாது போல.

சட்டத்துலயும் வார்த்தை விளையாடுது. மத்திய அரசோட ஈரநில விதிகள் 2010ல் வந்தப்ப, ஈரநிலம் என்றால் லேக், ரிசர்வாயர், டேங்க் எல்லாம் சேர்த்தின்னு விளக்கத்துல எழுதியிருந்தது. 2017ல் மாத்தி எழுதினாங்க. மனுசன் குடிதண்ணிக்குக் கட்டினது, பாசனத்துக்குன்னு கட்டினது எல்லாம் ஈரநிலம் இல்லைன்னு வெளியே எடுத்தாச்சு. அதாவது லேக் உள்ளே, டேங்க் வெளியே. தமிழ்நாட்டுல 2007லயே ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்திருக்கு, இங்கிலீஷ் பேர்ல டேங்க்ஸ் என்றே இருக்கு. ஆனா அது பொதுப்பணித்துறைக் கட்டுப்பாட்டு ஏரிக்குத்தான், யூனியன் ஏரிக்கு இல்லை. நடுவுல வேடந்தாங்கல் மாதிரி பாசன ஏரியை 2022ல் ராம்சார் பட்டியல்லயும் சேர்த்திருக்கோம். அந்த ஊர் பேர்லயே தாங்கல் இருக்கு பாருங்க. தாங்கல் என்றால் சின்ன ஏரி. பறவைங்களுக்கு டேங்க், லேக் வித்தியாசம் தெரியாது.

இதெல்லாம் மொழிபெயர்ப்பு பண்ணினவன் தப்புன்னு நான் சொல்ல வரலை. தமிழ்ல ஏரி என்ற ஒரே வார்த்தை இரண்டு வேலையும் பார்க்குது. அதனால நமக்கு ஏரி என்றதும் கரை, மதகு, கோடி, ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்து ஞாபகம் வரணும். சேலத்து மூக்கனேரியை இங்கிலீஷ் பேப்பர்ல 'மூக்கனேரி லேக்'னு எழுதறாங்க. ஏரிக்குள்ள ஒரு ஏரி. நானும் இப்படி நிறைய எழுதியிருக்கேன், கிண்டல் பண்ண யோக்கியதை இல்லை.

சாயந்திரம் அந்த டெக்ஸாஸ்காரருக்கு மெயில் தட்டினேன். டேங்க் நிரம்பிடுச்சு, பிளம்பர் தேவைப்படலைன்னு ஆரம்பிச்சு, மதகு, கோடி, ஆயக்கட்டு எல்லாம் விளக்கி, இது லேக் இல்லை ஏன் என்று ஒன்றரைப் பக்கம். உடனே பதில் வந்தது, ஒரே கேள்வி: "எங்க டேங்க் தாத்தாவோடது. உங்க டேங்க் யாரோடது?"

அம்மாயிகிட்டக் கேட்டேன். வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டே, "இதென்ன கேள்வி, ஊருது. ஏன், அவன் வெலைக்குக் கேக்கறானா?" என்றது. இல்லைன்னு சொன்னதும்தான் வெத்தலையை வாயில போட்டுது. அதையே இங்கிலீஷ்ல எழுதி, கோடி வழியிற போட்டோ நாலு சேர்த்து அனுப்பினேன்.

திங்கக்கிழமை காலையில் டப்பாவைத் திறந்தா பதில் இருந்தது. "அருமையான லேக்!"